சுறா வாய் சுருங்காமல் படிய: மாடல் விமானத்தில் டெக்கால் ஒட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி-40 போர் விமானத்தின் மூக்கில் பல்லைக் காட்டும் சுறா வாயை எங்காவது ஒரு படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1941 டிசம்பரில் சீனாவின் குன்மிங் அருகே முதல் சண்டையில் இறங்கிய அமெரிக்கத் தன்னார்வப் படை, வட ஆப்பிரிக்காவில் பறந்த பிரிட்டனின் 112-ஆம் ஸ்குவாட்ரன் விமானங்களின் படத்தைப் பார்த்து இந்த யோசனையை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு விமானத்திலும் கையாலேயே வரைந்தார்கள். அது பெயின்ட். தகடுகள் சேரும் கோடுகளுக்குள் இறங்கி, மூக்கின் வளைவோடு வளைவாகக் கிடக்கும்.

1/72 அளவில், அதாவது உண்மை விமானத்தில் 72-இல் ஒரு பங்கான மாடலில், அதே வாயை நாம் டெக்காலாக ஒட்டுகிறோம். தண்ணீரில் நனைத்துக் காகிதத்திலிருந்து நகர்த்தி ஒட்டும் மெல்லிய அச்சுப் படலம்தான் டெக்கால். ஒரு டெக்காலின் படலம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம் இருந்தால்கூட, உண்மையான விமானத்தில் அது 7 மில்லிமீட்டருக்கும் மேல் தடித்த தகடு ஒட்டியதற்குச் சமம். அதனால்தான் ஓரம் சற்றுத் தூக்கினாலும், ஒரு சுருக்கம் விழுந்தாலும், கோட்டின் மேல் கூடாரம்போல விறைத்து நின்றாலும் கண் உடனே கண்டுபிடித்துவிடுகிறது. மாடல் கட்டுவதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். மூன்று வாரம் கட்டி, பெயின்ட் அடித்த மாடல், இந்த ஒரு மாலையில் உயிர் பெறும் அல்லது கெட்டுப்போகும்.

பெரும்பாலான தவறுகள் டெக்காலைத் தொடுவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. அதில் முதல் தவறு, மேட் பெயின்ட் மேல் நேராக ஒட்டுவது. மேட் என்றால் பரப்பு சொரசொரப்பாக இருக்கிறது என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் அது பளபளக்காமல் இருக்கிறது. டெக்கால் அந்த மேடுகளின் உச்சியில் மட்டும் ஒட்டும், பள்ளங்களில் காற்று தங்கிவிடும். காய்ந்ததும் அந்தக் காற்று வெள்ளிப் பூச்சு போல மின்னும். ஒளிபுகும் படலம் இருக்கும் இடங்களில்தான் இது மோசமாகத் தெரியும், அதாவது எழுத்துகளைச் சுற்றியும் பற்களின் ஓரத்திலும். ஒருமுறை வெள்ளி பூத்துவிட்டால் மேலே எவ்வளவு வார்னிஷ் அடித்தாலும் போகாது. காற்று அடியில்தானே இருக்கிறது?

எனவே பெயின்ட் காய்ந்ததும் பளபளப்பான கிளியர் பூச்சு ஒன்று கட்டாயம். டாமியா எக்ஸ்-22 போதும். கைக்கு எட்டும் வேறு நல்ல கிளாஸ் (பளபளப்பு) கிளியரும் சரிதான். ஏர்பிரஷ்ஷில் மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடித்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். விளக்கின் உருவம் கலங்காமல் தெரிய வேண்டும். ஆரஞ்சுத் தோல் போல இருந்தால் மேட்டில் ஒட்டுவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. நனைத்த நுண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு மறுபடி அடியுங்கள். அப்புறம், தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அது காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் விடுங்கள். பாதி காய்ந்த பூச்சின் மேல், டெக்காலை மென்மையாக்கப் பிறகு தடவும் திரவம் பட்டால் அது பெயின்ட் வரை கரைத்துக்கொண்டு போகும்.

அடுத்தது தண்ணீர். டெக்காலைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அது தானாகக் கழன்று மிதக்கட்டும் என்று காத்திருப்பது பலரின் வழக்கம். காகிதத்துக்கும் படலத்துக்கும் நடுவில் இருக்கும் பசை, தண்ணீரில் கரையும் பசை. மிதக்கிற அளவுக்கு ஊறினால் பாதிப் பசை கிண்ணத்திலேயே போய்விட்டது என்று அர்த்தம். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து வினாடி முக்கி எடுத்து, ஈரத் துணியின் மேல் ஒரு நிமிடம் வையுங்கள். பிரஷ்ஷால் லேசாகத் தள்ளினால் நகர வேண்டும். நகரவில்லை என்றால் இன்னும் அரை நிமிடம். நம் ஊரில் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர். காய்ந்ததும் வெள்ளைத் தடம் விடும். குடிக்கிற ஆர்ஓ தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள்.

டெக்கால் நன்றாகப் படிய உதவும் திரவங்களான மைக்ரோ செட், மைக்ரோ சால் என்ற இரண்டு புட்டிகளையும் ஒன்றென நினைத்து மாற்றி ஊற்றுவது அடுத்த தவறு. புளித்த காடி வாசனை வரும் செட், டெக்காலுக்கு அடியில் போவது. பரப்பில் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையை எடுத்து, ஒட்டும் தன்மையைக் கூட்டும். சால் என்பது டெக்காலின் மேலே தடவுவது. படலத்தையே கொழகொழவென்று மென்மையாக்கிவிடும். மிஸ்டர் மார்க் செட்டர், மிஸ்டர் மார்க் சாஃப்டர் ஜோடியும் இதே முறைதான். செட்டரில் பசையும் கலந்திருக்கும் என்பது கூடுதல் வசதி. இடம் சரியாக அமைவதற்கு முன்பே சால் தடவிவிட்டால், மென்மையான படலத்தை நகர்த்தப் பார்த்து கிழித்துவிடுவோம். முதலில் இடம், பிறகு அடியிலிருக்கும் தண்ணீரை ஈரமான பஞ்சுக்குச்சியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டி வெளியேற்றுவது, அதற்குப் பிறகுதான் சால்.

சால் தடவிய ஒன்றிரண்டு நிமிடங்களில் நெஞ்சை அடைக்கும் ஒரு காட்சி வரும். அதுவரை அழகாகக் கிடந்த டெக்கால் திடீரென்று வெந்த அப்பளம் போலச் சுருங்கி நெளியும். எனது முதல் பி-40-இல் இதைப் பார்த்துப் பதறி, விரலால் நீவிவிட்டேன். சுறாவின் கண் விரலோடு வந்துவிட்டது. அந்த நேரத்தில் கை வைக்காமல் இருந்திருந்தால் எதுவும் ஆகியிருக்காது. நெளிவது அந்தத் திரவம் வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். படலம் மென்மையாகி விரிகிறது, திரவம் ஆவியாக ஆக மறுபடி இறுகி, அடியிலுள்ள வடிவத்தின் மேல் தானே படிகிறது. அரை மணி நேரம் மேசையை விட்டு எழுந்து போய்விடுங்கள். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள். கோடையில் ஃபேன் காற்றில் திரவம் வேலை முடிப்பதற்குள் காய்ந்துவிடும்.

இனி சுறா வாய்க்கே உரிய சிக்கல். டப்பாவைச் சுற்றி லேபிள் ஒட்டிப் பாருங்கள், சுருக்கமே விழாது. ஒரு திசையில் மட்டும் வளைந்த பரப்பு அது. அதே லேபிளைத் தேங்காயின் மேல் ஒட்டினால் எங்காவது மடிப்பு விழுந்தே தீரும். பி-40-இன் மூக்குக்குக் கீழே காற்று உள்ளே போகும் அந்தத் தாடை, தேங்காய் வகை. இரண்டு திசையிலும் வளைகிறது. எவ்வளவு சால் ஊற்றினாலும் தட்டையான காகிதத்தில் அச்சடித்த வாய் அங்கே முழுதாகப் படிந்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கூடுதல் படலம் எங்காவது போக வேண்டும், அதற்கு நாமே வழி திறந்துவிட வேண்டும்.

நான் செய்வது இப்படி. டெக்கால் தாளை முதலில் ஜெராக்ஸ் எடுத்து, வாயை வெட்டி, மாடலின் மேல் வைத்துப் பார்ப்பேன். எந்த இடத்தில் காகிதம் மடிகிறதோ அங்கே பென்சிலால் குறி. பிறகு உண்மையான டெக்காலில், தண்ணீரில் முக்குவதற்கு முன்பே, அந்த இடங்களில் புதிய பிளேடால் ஓரத்திலிருந்து உள்நோக்கி வெட்டு. முடிந்தவரை பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவிலுள்ள கோட்டை ஒட்டியே வெட்டுவேன். நிறம் மாறும் இடத்தில் வெட்டு தெரியாது. ஒட்டும்போது வெட்டின் இரு முனையும் லேசாக ஒன்றின் மேல் ஒன்று ஏறும், அல்லது சிறு இடைவெளி விடும். சால் இரண்டு மூன்று முறை தடவியதும் ஏறிய இடம் கரைந்து சமமாகும். இடைவெளியை அதே சிவப்பு, கருப்பு பெயின்ட்டை நுனி பிரஷ்ஷால் தொட்டு அடைத்துவிடலாம். வெட்டவே பயந்து முழுதாக ஒட்டி, கடைசியில் தாடையின் நடுவில் ஒரு தடித்த மடிப்பைச் சுமக்கிற மாடல்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அவ்வளவு உழைப்பையும் அந்த ஒரு மடிப்பு மறைத்துவிடுகிறது.

தகட்டுக் கோடுகளின் மேல் விறைத்து நிற்கும் படலத்துக்கும் இதே வைத்தியம்தான். காய்ந்த பிறகு கோட்டின் நீளத்துக்கு பிளேடு நுனியால் ஒரு கீறல், மேலே ஒரு துளி சால். காற்றுக் குமிழுக்கு ஊசியால் நாலைந்து குத்து, அப்புறம் சால்.

எல்லா டெக்காலுக்கும் ஒரே மருந்து கொடுப்பதும் தவறு. இத்தாலியின் கார்டோகிராஃப் அச்சிடும் மெல்லிய டெக்காலுக்கு மைக்ரோ சால் போதும். தடித்த பழைய டெக்கால்கள் அதற்கு அசையாது. சால்வாசெட் போன்ற வலுவான திரவமோ, வெந்நீரில் நனைத்த பஞ்சுக்குச்சியை வைத்து அழுத்துவதோ தேவைப்படும். ஹேர் டிரையரை மட்டும் மிக எச்சரிக்கையோடு, தூரத்தில் பிடியுங்கள். மாடலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே இளகும். பல வருடம் பெட்டியில் கிடந்த டெக்கால் என்றால் உங்களுக்குத் தேவைப்படாத ஒரு சின்ன எண் டெக்காலை முதலில் நனைத்துப் பாருங்கள். அது தண்ணீரிலேயே சில்லுச் சில்லாக உடைந்தால், மீதித் தாளின் மேல் மைக்ரோஸ்கேல் லிக்விட் டெக்கால் ஃபிலிம் ஒரு பூச்சு கொடுத்து, காய்ந்த பிறகு ஒவ்வொரு டெக்காலையும் ஓரத்தை ஒட்டி வெட்டி எடுத்துப் பயன்படுத்துங்கள்.

ஒட்டி முடித்த அன்றே மேட் வார்னிஷ் அடிக்க வேண்டாம். ஒரு இரவு போகட்டும். மறுநாள் ஈரப் பஞ்சால் மாடல் முழுவதும் துடைத்தால், காய்ந்த பசையின் பழுப்புத் தடமும் திரவங்களின் கறையும் போகும். அவை இருந்தால் மேட் பூச்சுக்கு அடியில் நிரந்தரமாகிவிடும். விளக்கைச் சாய்த்துப் பிடித்து, வெள்ளி பூத்த இடம் எங்காவது இருக்கிறதா என்று தாடைக்கு அடியிலும் பாருங்கள், ஊசியும் சாலும் உதவக்கூடிய கடைசி நேரம் அதுதான். பிறகு மெல்லிய கிளாஸ் பூச்சு ஒன்று, அது காய்ந்ததும் கோடுகள் எடுப்பாகத் தெரிய வாஷ் (நீர்த்த பெயின்ட்), அதற்கும் மேலே மேட். லாக்கர் வகை வார்னிஷ் என்றால் முதல் பூச்சைத் தூறல் போலத் தூரத்திலிருந்து அடியுங்கள். ஈரமாகக் கொட்டினால், இவ்வளவு நேரம் சுருங்காமல் காப்பாற்றிய வாய் அங்கே சுருங்கும்.