உயில் பத்திரமா இருக்கு, சாட்சி எங்க? எக்ஸிக்யூட்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒருத்தர் என் ஆஃபீஸுக்கு வந்தார். அப்பா தவறி ஒண்ணேகால் வருஷம் ஆச்சு, உயில்ல இவரைத்தான் எக்ஸிக்யூட்டரா, அதாவது உயில்ல சொன்னதை நிறைவேத்தற பொறுப்பாளியா போட்டிருக்கார், அண்ணா நகர்ல ஒரு வீடு, கொஞ்சம் டெபாசிட், கொஞ்சம் ஷேர். உயிலை லேமினேட் பண்ணி எடுத்துட்டு வந்திருந்தார். கெட்டுப்போகக் கூடாதுங்கற அக்கறையிலதான் பண்ணியிருக்கார், அதனால நான் ஒண்ணும் சொல்லல. சாட்சி போட்ட ரெண்டு பேரும் இப்போ எங்க இருக்காங்கன்னு கேட்டேன். "ஒருத்தர் அப்பாவோட வேலை பார்த்தவர், இன்னொருத்தங்க எதிர் வீட்டு மாமி. இப்போ எங்க இருக்காங்கன்னு தெரியல சார்"ன்னார். எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. ஏன்னா இதே தப்பை ஜூனியரா இருந்தப்போ நானே பண்ணியிருக்கேன், அதுக்கு விலை கொடுத்தது நான் இல்ல, என்னை நம்பி வந்த குடும்பம்.

டெத் சர்டிபிகேட் நிறைய காப்பி வாங்கிக்கங்க, வக்கீல் ஃபீஸை முதல்லயே பேசிக்கங்க, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதுக்குள்ள போகல.

சாட்சியை கடைசியில தேடறது

உயில் செல்லணும்னா குறைஞ்சது ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும், இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925ல 63ஆம் பிரிவு. இது நிறைய பேருக்குத் தெரியும். தெரியாதது என்னன்னா கையெழுத்து மட்டும் போதாது, அந்த ரெண்டு பேர்ல ஒருத்தராவது உயிரோட, பேசற நிலைமையில இருந்தா அவரை கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வந்து "ஆமா, இவர் என் கண்ணு முன்னாடிதான் கையெழுத்து போட்டார், அவர் பார்க்க நானும் போட்டேன்"னு சொல்ல வைக்கணும். முன்னாடி சாட்சியச் சட்டத்துல 68ஆம் பிரிவு, 2024 ஜூலைலேருந்து புதுச் சட்டத்துல 67. உயில் ரிஜிஸ்டர் ஆகியிருந்தாலும் இதுல விலக்கு கிடையாது. ரிஜிஸ்டர் ஆன உயில் சார், அப்புறம் என்ன கவலைன்னு கேக்கறவங்கதான் எங்கிட்ட அதிகம்.

என் கதைக்கு வரேன். மயிலாப்பூர்ல ஒரு பாட்டி, கூடவே இருந்து பார்த்துக்கிட்ட சின்ன மகனுக்கு வீட்டை எழுதி வச்சுட்டுப் போயிட்டாங்க. சாட்சி ரெண்டு பேர்: குடும்ப டாக்டர், அப்போ எழுபத்தெட்டு வயசு, அப்புறம் மாடியில குடியிருந்தவர். எக்ஸிக்யூட்டர் பாட்டியோட அண்ணன் பையன், பொறுப்பான மனுஷன், பாட்டி போய் மூணாவது மாசமே வந்துட்டார். நான்தான் முதல்ல வில்லங்க சான்று போடுவோம், சொத்து வரி ரசீது எடுப்போம், பேங்க்ல பாக்கி எவ்வளவுன்னு லெட்டர் வாங்குவோம், எல்லாம் ரெடி ஆனதும் ஒரே நாள்ல டாக்டர்கிட்ட அஃபிடவிட்ல கையெழுத்து வாங்கிக்கலாம்னு சொன்னேன். எல்லா பேப்பரும் ஒழுங்கா அடுக்கி வச்சேன், நாலு மாசம் ஆச்சு. டாக்டருக்கு ஸ்ட்ரோக் வந்து பேச்சு போயிடுச்சு. மாடி வீட்டுக்காரர் எப்பவோ காலி பண்ணிட்டார். அவரைத் தேடிப் போனா திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய் அங்கயே தவறிட்டாராம்.

நாங்க ப்ரொபேட், அதாவது உயில் செல்லும்னு கோர்ட் கொடுக்கற சான்று, கேட்டு பெட்டிஷன் போட்டதும் பாட்டியோட பொண்ணு கேவியட் (எங்களைக் கேக்காம கொடுக்காதீங்கங்கற மனு) போட்டாங்க, அம்மாவுக்கு அப்போ நினைவே சரியில்லன்னு. எதிர்ப்பு வந்தா சென்னை ஹைகோர்ட்ல அந்த பெட்டிஷன் (ஓ.பி.) அப்படியே சூட்டா, அதாவது வழக்கா மாறிடும், அப்புறம் சிவில் கேஸ் மாதிரி சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. உயிலைக் கொண்டு வந்தவங்கதான் நிரூபிக்கணும். டாக்டர் கூண்டுல ஏறி "அம்மா தெளிவாத்தான் இருந்தாங்க, நான் பார்க்கத்தான் கையெழுத்து போட்டாங்க"ன்னு ரெண்டு வாக்கியம் சொல்லியிருந்தா முடிஞ்ச விஷயம். அது இல்லாததால சாட்சியோட கையெழுத்தை வேற ஆள் வச்சு நிரூபிக்க வேண்டியதாச்சு, டாக்டரோட பழைய மருந்துச் சீட்டெல்லாம் தேடி, அவர்கிட்ட முப்பது வருஷம் வேலை பார்த்த கம்பவுண்டரைக் கூட்டிட்டு வந்து, இது டாக்டர் கையெழுத்துதான்னு சொல்ல வச்சு... ஏழு வருஷம். அதுக்குள்ள வீட்டை விக்கவும் முடியல, அடமானம் வச்சு கடன் வாங்கவும் முடியல. கடைசியில எதிர்த்த அந்த அக்காவுக்கு ஒரு பங்கு கொடுத்து சமரசமா முடிச்சாங்க. பாட்டி நினைச்சது அது இல்ல. அது இன்னிக்கும் எனக்கு உறுத்துது.

அன்னிலேருந்து என் ஃபைல்ல முதல் பக்கம் சாட்சிகளோட பேர், வயசு, அட்ரஸ், போன் நம்பர். மத்த பேப்பர் எல்லாம் அதுக்கு அப்புறம்தான், ஏன்னா வில்லங்க சான்று அடுத்த வருஷமும் கிடைக்கும். நீங்க எக்ஸிக்யூட்டர்னா பதிமூணாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட சாட்சிகளைப் போய் பாருங்க, உயில் காப்பியைக் காட்டி அந்த நாள்ல என்ன நடந்துச்சுன்னு நிதானமா கேளுங்க. இப்படித்தான் சொல்லணும்னு சொல்லிக் கொடுக்காதீங்க, அது தப்பு, குறுக்கு விசாரணையில உடைஞ்சும் போயிடும். அஃபிடவிட்டை சீக்கிரம் வாங்கிடுங்க. ஆனா ஒண்ணு, யாராவது எதிர்த்தா அஃபிடவிட் மட்டும் நிக்காது, அவங்க நேர்ல வந்து சொல்லணும், அதனால பெட்டிஷனையும் தள்ளிப் போடாதீங்க. வயசானவங்க கோர்ட்டுக்கு வர முடியலன்னா அட்வகேட் கமிஷனரை (கோர்ட் நியமிக்கற வக்கீல்) போடச் சொல்லி அவங்க வீட்டுலயே சாட்சியம் பதிவு பண்ணலாம். கேட்டா கிடைக்கும், கேக்கறதுக்கு அவங்க உயிரோட இருக்கணும்.

சாட்சிகள் ரெண்டு பேரும் போயிட்டாங்கன்னா உயிலைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அவங்க கையெழுத்து இருக்கற பழைய பத்திரம், செக், லெட்டர், எது கிடைச்சாலும் சேருங்க, அந்தக் கையெழுத்தை அடையாளம் சொல்லக்கூடிய ஆளையும் கண்டுபிடிச்சு வைங்க.

லேமினேஷன்

பண்ணாதீங்க. ஸ்டேப்ளர் பின்னைக்கூட எடுக்காதீங்க.

"ப்ரொபேட்தான் வேண்டாம்னு சொல்லிட்டாங்களே"

2025 டிசம்பர்ல பார்லிமென்ட் வாரிசுரிமைச் சட்டத்தோட 213ஆம் பிரிவை எடுத்துட்டாங்க. சென்னை, மும்பை, கொல்கத்தாவுல இந்துக்களோட உயிலுக்கு ப்ரொபேட் வாங்காம கோர்ட்ல உரிமை கேக்க முடியாதுன்னு இருந்த கட்டுப்பாடு அதோட போச்சு. ரொம்ப நல்ல விஷயம், மத்த ஊர்ல இல்லாத பாரம் இங்க மட்டும் எதுக்கு. ஆனா போனது கட்டாயம்தான், உயிலை நிரூபிக்க வேண்டிய வேலை அப்படியேதான் இருக்கு. நாளைக்கு தங்கச்சி பாகப்பிரிவினை கேஸ் போட்டா நீங்க அதே சாட்சியைத்தான் தேடணும், அதுவும் பத்து வருஷம் கழிச்சு. குடும்பத்துல ஒருத்தர் முகம் சுளிச்சாலும் ப்ரொபேட் வாங்கிடுங்கன்னுதான் நான் சொல்லுவேன், வாங்கறதுக்கு இப்பவும் வழி இருக்கு. காலம் தாழ்த்தாதீங்க, வழக்குக்குக் காலக்கெடு சொல்ற லிமிடேஷன் சட்டத்துல 137ஆம் ஆர்ட்டிகிள் இதுக்கும் பொருந்தும்னு சுப்ரீம் கோர்ட் 2008லயே சொல்லிடுச்சு, அதாவது 3 வருஷம். அந்த 3 வருஷம் எந்த நாள்லேருந்து ஆரம்பிக்குதுங்கறதுல வாதம் பண்ணலாம்தான், ஆனா வாதம் பண்ண வேண்டிய நிலைமைக்கு ஏன் போகணும்.

பேச்சுவார்த்தை இல்லாத வாரிசை விட்டுடறது

காதல் கல்யாணம் பண்ணிட்டுப் போன பொண்ணு, ஊரோட தொடர்பு இல்லாத அண்ணன், இவங்க பேரை பெட்டிஷன்ல போடாம விட்டா வேலை சுலபமா முடியும்னு நினைப்பு. முடியும், அவங்களுக்குத் தெரிய வர வரைக்கும். அப்புறம் 263ஆம் பிரிவுல போய், சேர்க்க வேண்டியவங்களைச் சேர்க்கல, மறைச்சுட்டாங்கன்னு ப்ரொபேட்டையே ரத்து பண்ணலாம். நோட்டீஸ் போகட்டும். சம்மதம்னு எழுதிக் கொடுத்தாலும் சரி, எதிர்த்தாலும் சரி, இப்பவே தெரிஞ்சுடும்.

நாமினி

நாமினி பொதுவா பணத்தை வாங்கறவர்தான், அதுக்கு உரிமையாளர் இல்ல. எல்.ஐ.சி. பாலிசிக்கு 1984லயும் ஷேருக்கு 2023லயும் சுப்ரீம் கோர்ட் இதையேதான் சொல்லிச்சு, ஆனா இன்ஷூரன்ஸ் சட்டத்தை 2015ல திருத்தினதுக்கு அப்புறம் பாலிசியில பெத்தவங்க, கணவன் இல்ல மனைவி, பிள்ளைகள் நாமினியா இருந்தா நிலைமை வேறயா இருக்கலாம்.

கடனுக்கு முன்னாடி பங்கு பிரிக்கறது

தங்கச்சிக்கு பொண்ணு கல்யாணம், டெபாசிட்டை உடைச்சுக் கொடுத்துடு அண்ணான்னு கேட்டா மனசு கேக்காதுதான். ஆனா சட்டத்துல வரிசை இருக்கு: ஈமச்சடங்கும் கடைசி நாள் வைத்தியச் செலவும் முதல்ல, அப்புறம் ப்ரொபேட் செலவு, அப்புறம் வீட்டுல வேலை செஞ்சவங்களுக்கு கடைசி 3 மாச சம்பளம், அப்புறம் மத்த கடன், எல்லாம் போய் மிச்சம்தான் பங்கு. இறந்தவரோட வருமான வரி பாக்கியும் இருக்கும், அது பல பேர் ஞாபகத்துலயே வரதில்ல. பாக்கி இருக்குன்னு தெரிஞ்சும் பிரிச்சுக் கொடுத்துட்டா அந்த நஷ்டம் எக்ஸிக்யூட்டர் தலையில வந்து விழலாம். அவசரப்படுத்தறவங்ககிட்ட சொல்லுங்க, இறந்த நாள்லேருந்து 1 வருஷம் ஆகற வரைக்கும் பங்கு கொடுத்தே ஆகணும்னு உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, 337ஆம் பிரிவு.

கணக்கு

ப்ரொபேட் கிடைச்சு 6 மாசத்துல சொத்துப் பட்டியல், 1 வருஷத்துல வரவு செலவுக் கணக்கு, ரெண்டும் கோர்ட்ல தாக்கல் பண்ணணும். தனியா ஒரு நோட்டு போட்டு முதல் நாள்லேருந்து எழுதுங்க.

எக்ஸிக்யூட்டரா இருக்க விருப்பம் இல்லன்னா

சொத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி எழுத்துல சொல்லிடுங்க.