டிக் வெல்டிங்: கையைத் திட்டுவதற்கு முன் கேஸைப் பாருங்கள்

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, எங்கள் தண்ணீர்ப்பந்தலில் மோர் அண்டா வைக்கும் எவர்சில்வர் ஸ்டாண்டில் ஒரு கால் விட்டுக்கொண்டது. "நீதான் மெஷின் வாங்கி வச்சிருக்கியேப்பா, ஒட்டிக் கொடு" என்று மாமா அதை லோரியில் கொண்டுவந்து பினாங்கின் பிறையில் உள்ள என் வீட்டுப் போர்ச்சில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். ஸ்டிக் வெல்டிங் எனக்கு ஓரளவு வரும். ஆனால் அந்தக் கால் 1.2 மில்லி கனமுள்ள சதுரப் பைப். அதில் ஸ்டிக் ராட் வைத்தால் ஓட்டைதான் விழும். டிக் மெஷின் (டங்ஸ்டன் முனையிலிருந்து ஆர்க் என்ற மின்பொறி போட்டு, ஆர்கான் கேஸ் காப்பில் ஒட்டுவது) வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, தகட்டுத் துண்டுகளில் மட்டும் ஓட்டிப் பார்த்திருந்தேன்.

அந்த ஸ்டாண்ட் என்னை மூன்று நாள் அலைக்கழித்தது. அதைத்தான் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். ஸ்டிக் வெல்டிங்காவது தொட்டுப் பார்த்தவர்களுக்கான பதிவு இது.

கரண்ட்

நம் வீட்டு 13 ஆம்ப் பிளக்கில் டிக் ஓடுமா என்றால், மெல்லிய தகட்டுக்கு ஓடும். 50, 60 ஆம்பில் ஒட்டும்போது மெஷின் சுவரிலிருந்து இழுப்பது 13-க்குள்தான் இருக்கும். 200 ஆம்ப் மெஷினை முழுதாகத் திருகினால் 25 ஆம்புக்கு மேல் இழுக்கும், பிளக் உருகும். பெரிய வேலை செய்ய நினைப்பவர்கள் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டுத் தனி லைன் இழுத்து 32 ஆம்ப் நீல சாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள். சுருட்டிய நிலையில் எக்ஸ்டென்ஷன் வயரைப் பயன்படுத்தாதீர்கள், சுருளுக்குள் சூடு தங்கி உறை இளகிவிடும்.

கையில் பிடிக்கும் டார்ச் நெகட்டிவில், ஒட்டும் பொருளைக் கவ்வும் எர்த் கிளாம்ப் பாசிட்டிவில். ஸ்டிக்கில் ஹோல்டரைப் பாசிட்டிவில் மாட்டிப் பழகிய கை இங்கேயும் அதையே செய்யும். மாற்றி மாட்டினால் சூட்டில் பெரும்பகுதி டங்ஸ்டனுக்குப் போய், கூர்முனை கண்ணெதிரே உருண்டையாகிவிடும்.

கேஸ் தோம்பு (சிலிண்டர்)

சுத்தமான ஆர்கான்தான் வேண்டும். மிக் என்ற வேறு வகை வெல்டிங்குக்கு விற்கும் கார்பன் டை ஆக்சைடு கலந்த கேஸ் மலிவாகக் கிடைக்கும், அதை வாங்கிவிடாதீர்கள். டங்ஸ்டன் சில வினாடிகளில் கருகிவிடும். 10 லிட்டர் தோம்பில் 150 பார் அழுத்தம் இருந்தால் 1500 லிட்டர் கேஸ். நிமிடத்துக்கு 8 லிட்டர் என்று விட்டால் மூன்று மணி நேரம் வரும். ஆரம்பத்தில் இது போதும்.

தோம்பை நிமிர்த்திச் சுவரில் சங்கிலி போட்டுக் கட்டுங்கள். விழுந்து வால்வு உடைந்தால் அது ராக்கெட்தான். மாற்றப் போகும்போது மூடிய காரின் பின்புறச் சாமான் அறையில் உருட்டிப் போட்டுக்கொண்டு பினாங்குப் பாலம் ஏறாதீர்கள். ஆர்கானுக்கு மணமில்லை, நிறமில்லை, காற்றைவிடக் கனம். கசிந்தால் மூச்சு முட்டுவதுகூடத் தெரியாமல் மயக்கம் வரும். நான் மாமாவின் லோரியில் நிற்க வைத்துக் கட்டித்தான் கொண்டுபோகிறேன்.

டங்ஸ்டன், கப்

கடையில் கலர் கலராக முனை பூசி வைத்திருப்பார்கள். நீலம் வாங்குங்கள், 2 சதவீத லாந்தனம் கலந்தது, 1.6 மில்லி. வீட்டு வேலைக்கு இது ஒன்றே போதும். பழைய வெல்டர்கள் சிவப்புதான் நல்லது என்பார்கள். நன்றாகத்தான் எரியும், ஆனால் அதில் தோரியம் இருக்கிறது. லேசான கதிரியக்கம் உள்ள பொருள், கூர் தீட்டும் தூசியை மூச்சில் இழுத்தால் கெடுதல். நீலம் கிடைக்கும்போது அந்த வம்பு எதற்கு?

தீட்டும்போது கீறல்கள் முனையை நோக்கி நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே தீட்டினால் ஆர்க் ஒரு பக்கமாக அலையும். கூரின் நீளம் டங்ஸ்டன் தடிமனைப்போல் இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு இருக்கட்டும். தீட்டும் கல்லில் வேறு எதையும் தேய்க்காதீர்கள். என் தம்பி அதில் கத்தி தீட்டிய அன்று வீட்டில் பெரிய சண்டை.

கப் (டார்ச் வாயில் மாட்டும் குழல், கேஸ் இதன் வழியாகத்தான் இறங்கும்) 7-ஆம் எண். கையில் காசிருந்தால் கேஸ் லென்ஸ் வாங்கிப் போடுங்கள். மெஷினோடு வரும், டங்ஸ்டனைப் பிடிக்கும் சாதா உள்பாகத்தைவிட (கலெட் பாடி) இதில் கேஸ் சீராக இறங்கும். நான் டிக்குக்குச் செலவழித்த காசில் உருப்படியானது இதுதான்.

சுத்தம்

ஒட்டப்போகும் இடத்தையும் ஃபில்லர் ராடையும் (ஒட்டில் உருக்கிச் சேர்க்கும் கம்பி) அசிட்டோன் தொட்ட துணியால் துடையுங்கள். அது காய்ந்தபின், பாட்டிலைத் தூர வைத்துவிட்டுத்தான் ஆர்க் போட வேண்டும். பிரேக் கிளீனர் கிட்டவே வரக் கூடாது. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஆர்க்கின் வெளிச்சத்திலும் சூட்டிலும் பாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும். எவர்சில்வருக்குத் தனி எவர்சில்வர் பிரஷ். 304 வகை எவர்சில்வர் என்றால் 308 எல் வகை ராட்.

உடம்பு

டிக்கில் பொறி பறக்காது. அதனால் நம்மூர் வெக்கைக்கு சிங்லெட்டோடு உட்கார்ந்துவிடத் தோன்றும். நானும் உட்கார்ந்தேன். இரண்டு நாளில் கழுத்துக்குக் கீழே தோல் உரிந்தது. முழுக்கை பருத்திச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போடுங்கள். பாலியஸ்டர் வேண்டாம், தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

ஹெல்மெட் கண்ணாடியின் இருள் அளவு (ஷேட்) 9 அல்லது 10. தானாக இருளும் ஹெல்மெட்டாக இருந்தால் சென்சிட்டிவிட்டியைக் கூட்டி வையுங்கள், குறைந்த ஆம்ப் டிக் ஆர்க்கை மலிவு ஹெல்மெட்டுகள் சில நேரம் கண்டுகொள்வதில்லை. "ஒரே ஒரு புள்ளிதானே" என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை டேக் (புள்ளி ஒட்டு) வைத்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. நள்ளிரவில் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிந்து எழுந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேலி வழியாக எட்டிப் பார்ப்பார்கள் என்பதால் இப்போது தடித்த கேன்வாஸ் ஒன்றையும் தொங்கவிடுகிறேன்.

வியர்வையில் ஊறிய கையுறை கரண்டைக் கடத்தும். இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் காயவையுங்கள். சிலிப்பர் வேண்டாம், ஷூ போடுங்கள். மழைச் சாரல் போர்ச்சுக்குள் அடித்தால் மெஷினை அணைத்துவிடுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்தில் நிற்கக் கூடாது.

ஓட்டிப் பார்ப்பது

மில்லிக்கு 40 ஆம்ப் என்பது கணக்கு, எவர்சில்வருக்குக் கொஞ்சம் குறைக்கலாம். 1.2 மில்லிக்கு 45-இல் தொடங்கினேன். கேஸ் 8 லிட்டர், போஸ்ட் ஃப்ளோ (ஆர்க் அணைந்த பின்னும் கேஸ் வரும் நேரம்) 5 வினாடி. ஆர்க் அணைந்ததும் டார்ச்சை எடுத்துவிடாதீர்கள், கேஸ் நிற்கும்வரை அங்கேயே பிடித்திருங்கள்.

முதலில் ராட் இல்லாமல், தகட்டின் மேல் உருகிய உலோகக் குட்டையை மட்டும் நகர்த்திப் பழகுங்கள். டார்ச் லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கட்டும். டங்ஸ்டனுக்கும் தகட்டுக்கும் இடைவெளி டங்ஸ்டன் தடிமன் அளவு. முனை குட்டையில் பட்டுவிட்டால் நிறுத்தி, தீட்டிவிட்டுத்தான் மறுபடி. தொடக்கத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை படும். ஒட்டிய கோட்டின் நிறம் வைக்கோல் மஞ்சளாக இருந்தால் பிரமாதம், நீலம் பரவாயில்லை, சாம்பல் என்றால் சூடு அதிகம் அல்லது கேஸ் போதவில்லை.

என்னை அலைக்கழித்த இடம்

துண்டுத் தகடுகளில் மஞ்சளும் நீலமுமாக வந்துகொண்டிருந்தது. ஸ்டாண்டில் கை வைத்ததும் கரி. கோடு முழுக்கக் கறுப்பு, நடுவே ஊசித் துளைகள், டங்ஸ்டன் முனை பாசி படர்ந்ததுபோல் பச்சை கலந்த கருநிறம். மூலைக்குள் குனிந்து செய்வதால் கை ஆடுகிறது என்று நினைத்தேன். ஃபேனை அணைத்தேன். (டிக் ஓட்டும்போது ஃபேன் உங்கள் பக்கம் திரும்பியிருக்கவே கூடாது, அது வேறு விஷயம்.) கேஸ் போதவில்லையோ என்று 15 லிட்டருக்குக் கூட்டினேன், இன்னும் மோசமானது. அதிகமாகத் திறந்தால் கேஸ் சுழன்றடித்து வெளிக்காற்றையும் சேர்த்து இழுக்கும். கடைசியில் தோம்பையே சந்தேகப்பட்டு, பாதி கேஸ் மிச்சமிருந்தும் மாற்றிக்கொண்டு வந்தேன். அதே கரி.

எங்கள் ஃபேக்டரி மெயின்டனன்ஸில் இருக்கும் சீன அங்கிள் ஒருவரிடம் ஸ்டாண்டின் படத்தைக் காட்டினேன். கோட்டைப் பார்க்கவே இல்லை. "டார்ச் வாயை மூடிப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து செய்தேன். டங்ஸ்டனைக் கப்புக்குள் இழுத்துவிட்டு, மெஷினில் உள்ள கேஸ் செக் பட்டனை அழுத்தினேன். கேஸ் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோமீட்டர் குழாய்க்குள் குண்டு 8-இல் மிதந்தது. கப்பின் வாயைக் கட்டைவிரலால் இறுக்கி அடைத்தேன். கேஸ் வெளியேற வழியில்லை என்றால் குண்டு அடியில் போய் உட்கார வேண்டும். என்னுடையது 3 வரை இறங்கி, அங்கேயே நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. கேஸ் வேறெங்கோ போகிறது. கப்பை அடைத்தபடியே சோப்புத் தண்ணீரை டார்ச் முழுக்கத் தடவினேன். பின்மூடியைச் சுற்றி நுரை பொங்கியது.

ஸ்டாண்டின் மூலைக்குள் டார்ச் நுழையவில்லை என்று நீளமான பின்மூடியைக் கழற்றிவிட்டுக் குட்டை மூடியைப் போட்டிருந்தேன். மெஷினோடு வந்த பையில் இருந்ததுதான். அதன் கழுத்தில் இருக்க வேண்டிய கறுப்பு ரப்பர் வளையம் இல்லை. அந்த இடுக்கு வழியாக கேஸ் பின்னால் ஒழுகிக்கொண்டும் காற்று கலந்துகொண்டும் இருந்திருக்கிறது. துண்டுத் தகட்டில் நன்றாக வந்ததற்குக் காரணம் கையல்ல, நீள மூடி. பழைய மூடியின் வளையத்தைக் கழற்றி இதில் மாட்டினேன். குண்டு தொப்பென்று விழுந்தது. அரை மணி நேரத்தில் கால் ஒட்டி முடிந்தது, வைக்கோல் மஞ்சளாக.

இப்போது மூடி, கப், டார்ச் எதை மாற்றினாலும் முதலில் கட்டைவிரல்தான்.

சேர்க்கை 1: கேஸ் செக் பட்டன் இல்லாத மெஷினில் டார்ச் சுவிட்சை அழுத்தி இந்தச் சோதனையைச் செய்யலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடவே கூடாது! சுவிட்சை அழுத்தினால் டங்ஸ்டனில் ஹை ஃப்ரீக்வென்சி கரண்ட் பாயும், விரல் அதன்மேல் இருக்கும். மெஷினை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டார்ச்சின் கேஸ் குழாயை மெஷினிலிருந்து கழற்றி நேரே ஃப்ளோமீட்டரில் மாட்டிச் செய்யுங்கள். டார்ச்சிலேயே வால்வு உள்ளவர்கள் மெஷினை அணைத்துவிட்டு வால்வை மட்டும் திறந்தால் போதும்.

சேர்க்கை 2: ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் கேட் ஒட்டிய இரவில் குளிர் காய்ச்சல் வந்ததாக ஒரு தம்பி எழுதியிருந்தார். துத்தநாகப் புகை செய்யும் வேலை. ஒட்டும் இடத்தைச் சுற்றி அந்தப் பூச்சை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு, புகை முகத்துக்கு வராதபடி உட்காருங்கள். தேய்க்கும்போது மாஸ்க் போடுங்கள். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள், பால் ஒன்றும் செய்யாது. எவர்சில்வர் புகையில் குரோமியம் இருக்கிறது, அதற்கும் இதே கவனம் வேண்டும்.

சேர்க்கை 3: அலுமினியக் காவடிச் சட்டம் விரிசல் விட்டிருக்கிறது, இந்த மெஷினில் ஒட்டலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். டிசி மட்டும் உள்ள மெஷினில் அதற்கு முயல வேண்டாம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன் மேலிருக்கும் ஆக்சைடு தோல் 2000 டிகிரி தாண்டித்தான் உருகும். தோல் அப்படியே இருக்க, உள்ளே உலோகம் உருகித் தொங்கி விழுந்துவிடும். ஏசி வசதியுள்ள மெஷின் வேண்டும். காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடக்கப்போகிறவர் இருக்கிறார், அதைக் கைதேர்ந்த ஆளிடமே கொடுத்துவிடுங்கள். நானும் கொடுத்துவிடுகிறேன்.