பெருந்தொற்றுக் காலத்தில் கூட்டுப்பேரம்: கலிஃபோர்னியா அரசுப் பள்ளி ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளியை மூடுவதா, திறப்பதா என்பதைப் பெரும்பாலும் நிர்வாகத்தின் முடிவாகவே சட்டம் கருதுவதால், அதனோடு மல்லுக்கட்டுவதைவிட, அந்த முடிவின் விளைவுகள் குறித்து நிர்வாகம் சங்கத்தோடு பேச வேண்டும் என்று உடனடியாக எழுத்துமூலம் கோருவதே பயன்தரும். கலிஃபோர்னியாவில் 1975-இல் இயற்றப்பட்ட கல்வித்துறை வேலைவாய்ப்பு உறவுகள் சட்டம், ஊதியம், வேலை நேரம் ஆகியவற்றோடு விடுப்பு, இடமாற்றம், வகுப்பின் அளவு, பணியிடப் பாதுகாப்பு ஆகியவற்றையும் பேச்சுவார்த்தைக்கு உரியவையாக வகுத்திருக்கிறது; ஆகவே முகக்கவசம், காற்றோட்டம், இணையவழிப் பாட நேரம் என ஒவ்வொரு கோரிக்கையையும் இவற்றுள் ஒன்றோடு பொருத்தி எழுதுங்கள். வெறுமனே 'பாதுகாப்பு வேண்டும்' என்று கேட்கும் கடிதத்தைத் தட்டிக்கழிப்பது எளிது.

நெருக்கடியைக் காரணம் காட்டி நிர்வாகம் தானாகவே செய்யும் மாற்றங்கள் அவசரம் கோரும் அளவைத் தாண்டக் கூடாது; அவகாசம் கிடைக்கும்போது பேசும் கடமையும் நீங்குவதில்லை.

உடன்பாடு எட்டினால், மூல ஒப்பந்தத்தைத் திறக்காமல், முடிவுத் தேதி குறித்த தனி உடன்பாடாகக் கையெழுத்திடுங்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஆசிரியர் சங்கம் 2020 ஏப்ரலில் இணையவழிக் கற்பித்தலுக்குத் தனி உடன்பாடுதான் கண்டது. தேதியின்றி விட்டுக்கொடுத்தது நாளடைவில் வழக்கமாகிவிடும்.

பேச்சு முறிந்தால் முதலில் நடுநிலையான மூன்றாம் நபர் வழியாகச் சமரசப் பேச்சு, பின்னர் இருதரப்பு வாதங்களையும் ஆராய்ந்து பரிந்துரை தரும் உண்மையறியும் குழு. நிர்வாகம் பேசவே மறுத்தால், 6 மாதங்களுக்குள் இத்தகைய புகார்களை விசாரிக்கும் மாநில அமைப்பான பொதுத்துறை வேலைவாய்ப்பு உறவுகள் வாரியத்தில் முறையிட வேண்டும்.