கடற்கரைக் கோடு ஏன் நகர்கிறது? செயற்கைக்கோள் படங்களின் ஆயத்தொலைவு மெட்டாடேட்டாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயற்கைக்கோள் படத்தின் மேல் கடற்கரைக் கோட்டைப் போட்டுப் பார்ப்பதுதான் இந்த வேலையில் எல்லோரும் செய்யும் முதல் சோதனை. நடுவில் கோடு கச்சிதமாக உட்காரும். சரி, முடிந்தது என்று எழுந்து போய்விடுவோம். நானும் அப்படிப் போனவன்தான். படத்தில் தெரியும் பூமி வட்டத்தின் வடகிழக்கு ஓரத்தில் அதே கோடு கடலுக்குள் இறங்கி நிற்பது ஒரு வாரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. எண்களில் ஒரு குறையும் இல்லை. அவற்றை எப்படிப் படிக்க வேண்டும் என்பதைச் சொல்லும் ஒரே ஒரு சொல் மெட்டாடேட்டாவில், அதாவது தரவைப் பற்றிய விவரக் குறிப்பில், விடுபட்டிருந்தது. இந்த வகைத் தவறு பிழைச்செய்தி எதுவும் தராது; படமும் அழகாகவே வரும்.

விடுபட்ட அந்தச் சொல், ஸ்வீப் அச்சு. பூமியின் ஒரே இடத்துக்கு மேலேயே நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோளின் படத்தில் எக்ஸ், ஒய் இரண்டும் தூரங்கள் அல்ல, கோளிலிருந்து பார்க்கும் கோணங்கள். இரண்டு கோணங்களில் எதை முதலில் திருப்புகிறோம் என்பதைப் பொறுத்துப் பார்வைக் கோடு விழும் இடம் மாறும். அந்த வரிசையைச் சொல்வதுதான் ஸ்வீப் அச்சு. அமெரிக்காவின் கோஸ்-ஆர் வரிசை வானிலைக் கோள்களின் தரவுக்கு ஸ்வீப் அச்சு எக்ஸ். ஐரோப்பாவின் மீட்டியோசாட், ஜப்பானின் ஹிமாவாரி தரவுகளுக்கு ஒய். ஹிமாவாரியின் கேமராவும் கோஸ்-ஆர் கேமராவும் ஒரே குடும்பம். அதை வைத்து 'அதுவும் எக்ஸாகத்தான் இருக்கும்' என்று ஊகித்தால் மாட்டிக்கொள்வீர்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் ஆயத்தொலைவுகளை மாற்றித் தரும் ப்ராஜ் மென்பொருள் தானாக ஒய் என்று எடுத்துக்கொள்ளும்.

மாற்றிப் போட்டால் எவ்வளவு பிசகும்? இரண்டு அச்சுகளின் மேலும் பிசகே இருக்காது. மூலைவிட்டத் திசையில் விலக விலகத்தான் அது வளரும். இரு கோணங்களும் 0.1 ரேடியன் உள்ள இடத்தில் வித்தியாசம் சுமார் 0.0005 ரேடியன். கோஸ்-ஆரின் 2 கி.மீ. படத்தில் ஒரு பிக்சல் 0.000056 ரேடியன் என்பதால், அது ஏறத்தாழ 9 பிக்சல். நடுவில் மட்டும் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது. அறிவியல் தரவைச் சேமிக்கும் நெட்சிடிஎஃப் கோப்புகளில் விவரங்களை எழுதுவதற்கான சிஎஃப் மரபில் இதற்கென்றே தனிப் பண்பு இருக்கிறது. அதை நிரப்பாமல் கோப்பை வெளியே விடாதீர்கள்.

அடுத்தது அலகும் உயரமும். ப்ராஜ் கேட்பது மீட்டர். கோப்பில் இருப்பது ரேடியன். கோணத்தைக் கோளின் உயரத்தால் பெருக்கினால் மீட்டர் கிடைக்கும். எந்த உயரத்தால்? கோஸ்-ஆர் கோப்பில் எலிப்சாய்டின் (துருவங்களில் சற்றே தட்டையான பூமி உருவத்தின்) மேற்பரப்பிலிருந்து 35786023 மீட்டர் என்று இருக்கும். பூமியின் மையத்திலிருந்து அளந்தால் 42164160 மீட்டர். சமன்பாடுகளை நேரடியாக எழுதும்போது வருவது இரண்டாவது எண், ப்ராஜுக்குக் கொடுக்க வேண்டியது முதலாவது. 'சாட்டிலைட் ஹைட்' என்று மட்டும் பெயர் வைத்து எண்ணைப் போட்டுவிட்டால், படிப்பவர் அதை எங்கிருந்து அளப்பார்?

கோள் நிற்கும் தீர்க்கரேகையும் புரொஜெக்‌ஷனின் மூல தீர்க்கரேகையும் ஒன்றல்ல என்பதும் பலருக்கு உறைப்பதில்லை. கோஸ் கிழக்கு நிலையில் கோள் நிற்பது மேற்கு 75.2 பாகை. படத்தின் கட்டம் வரையப்பட்டிருப்பது மேற்கு 75.0 பாகைக்கு. இரண்டும் ஒரே கோப்பில் வெவ்வேறு பெயரில் இருக்கும். தவறானதை எடுத்தால் நிலநடுக்கோட்டில் 22 கி.மீ. நகர்ந்துவிடும்.

அரை பிக்சல் தகராறுக்கு வருவோம். நான் அதிகம் சண்டை போட்டது இதற்காகத்தான். ஆயத்தொலைவு பிக்சலின் நடுவைக் குறிக்கிறதா, மூலையையா? கோஸ்-ஆரின் 5424 பிக்சல் அகல முழுவட்டப் படத்தில் முதல் எக்ஸ் மதிப்பு -0.151844. அது முதல் பிக்சலின் நடு. படத்தின் விளிம்பு -0.151872. ஆனால் படக் கோப்புகளைப் படிக்கும் மென்பொருளான ஜிடால் தன் கணக்கைத் தொடங்குவது இடது மேல் மூலையிலிருந்து. நடுவின் மதிப்பை மூலையில் வைத்தால் முழுப் படமும் கோளுக்கு நேர்கீழே 1 கி.மீ. நகரும், ஓரத்தில் அதைவிட அதிகம். இட விவரத்தோடு படத்தைச் சேமிக்கும் ஜியோடிஃப் கோப்பில் இதற்குப் 'பிக்சல் பரப்பு', 'பிக்சல் புள்ளி' என்று இரண்டு குறிப்புகள் உண்டு. நிலத்தைப் படமெடுக்கும் லேண்ட்சாட் கோள்களின் படங்கள் புள்ளி வகை. லேண்ட்சாட்டையும் சென்டினல்-2 படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது கட்டங்கள் 15 மீட்டர் தள்ளி நிற்பதன் காரணம், ஒன்று பிக்சலின் நடுவை வைத்தும் மற்றது மூலையை வைத்தும் கட்டம் போட்டிருப்பதுதான். சென்சாரைக் குறை சொல்லாதீர்கள்.

பூமியின் உருவத்தை எழுதாமல் விடுவது இன்னொரு பழக்கம். வடதுருவ ஸ்டீரியோகிராஃபிக் வரைமுறை, நிலை அட்சரேகை 70, மையம் மேற்கு 45 என்று எழுதியாகிவிட்டது, போதும் என்று தோன்றும். போதாது. கடல்பனித் தரவுகளில் இபிஎஸ்ஜி (ஆயத்தொலைவு முறைகளுக்கான எண் பட்டியல்) 3411, 3413 இரண்டுக்கும் இதே விவரம்தான். முந்தையதில் பூமியின் அரைப்பேரச்சு 6378273 மீட்டர், பிந்தையதில் 6378137. எலிப்சாய்டுக்குக் கணக்கிட்ட அட்சரேகையைக் கோளத்தின் மைய அட்சரேகையாக எடுத்துக்கொண்டால் 45 பாகையில் 21 கி.மீ. வரை பிழை வரும். அதே நேரம் ஜிஆர்எஸ்80, டபிள்யூஜிஎஸ்84 என்ற இரண்டு எலிப்சாய்டுகளுக்கும் உள்ள உருவ வித்தியாசம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதற்காக இரவு கண்விழிக்க வேண்டாம்.

நாசா கோள்களில் உள்ள மோடிஸ் கருவியின் படங்களைத் தொடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் '1 கி.மீ.' பிக்சல் உண்மையில் 926.6254 மீட்டர். கோளத்தின் ஆரம் 6371007.181 மீட்டர். பெயரைப் பார்த்து 1000 என்று தட்டச்சு செய்தால், ஒரு டைலின் (படத் துண்டின்) 1200 பிக்சல்களைக் கடப்பதற்குள் 88 கி.மீ. பிசகியிருக்கும்.

இந்த மோடிஸ் சைனுசாய்டல் கட்டத்துக்கும் புவிநிலைக் கோள்களின் பார்வைக்கும் இபிஎஸ்ஜி எண் கிடையாது. படிவம் ஓர் எண் கேட்கிறது, அதனால் சாதாரண அட்சரேகை-தீர்க்கரேகைக்கான 4326 என்று நிரப்பிவிடுகிறார்கள். இது வெற்றிடத்தைவிட மோசம். வெற்றிடமாவது படிப்பவரைச் சந்தேகப்பட வைக்கும். செயற்கைக்கோள் படங்களைப் பட்டியலிடும் ஸ்டாக் அட்டவணையில் எண் இல்லை என்று வெளிப்படையாகக் குறித்துவிட்டு, முழு வரையறையை டபிள்யூகேடி2 என்ற எழுத்து வடிவில் தர இடமிருக்கிறது. சிஎஃப் கோப்பிலும் டபிள்யூகேடியை வைக்கலாம். ஆனால் அது தனிப் பண்புகளோடு முரண்பட்டால் தனிப் பண்புகள்தான் செல்லும் என்பது மரபின் விதி. ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்றுங்கள்.

4326 உண்மையிலேயே பொருந்தும் இடத்தில் வேறொரு சிக்கல்: அதன் வரையறைப்படி அட்சரேகை முதலில். ஜியோஜேசன் கோப்பு வடிவத்தில் தீர்க்கரேகை முதலில். 2019-இல் வந்த ஜிடால் 3 வரையறையை அப்படியே மதிக்கத் தொடங்கியதும், அதுவரை ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் பலவற்றில் எக்ஸும் ஒய்யும் இடம் மாறின. ஹிமாவாரி வட்டம் 180 பாகையைத் தாண்டுவதால் எல்லைப் பெட்டியில் மேற்கு எண் கிழக்கு எண்ணைவிடப் பெரிதாக இருக்கும். ஜியோஜேசனில் அது முறைதான், 'திருத்த'க் கிளம்பாதீர்கள்.

கோப்பை வெளியிடும் முன் நான் கடற்கரைக் கோட்டை இப்போது நம்புவதில்லை. ஒரு எண்ணை வைத்துச் சோதிக்கிறேன். கோஸ்-ஆரின் பயனர் கையேட்டிலேயே ஓர் உதாரணக் கணக்கு உண்டு: எக்ஸ் -0.024052, ஒய் 0.095340 என்றால் வடக்கு 33.846162, மேற்கு 84.690932 வர வேண்டும். நிரல் இதை ஆறு தசம இடங்கள் வரை தர வேண்டும். ஸ்வீப் அச்சு மாறியிருந்தால் இந்தப் புள்ளியிலேயே எக்ஸ் திசையில் கிட்டத்தட்ட 2 பிக்சல் தள்ளிப்போகும். வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியாது, எண்ணில் மூன்றாவது தசமத்துக்கு முன்பே தெரிந்துவிடும்.