மலையகத்தில் இரண்டு நாள் நடனப் போட்டி நடத்துவது எப்படி: முதலில் நடுவர்களைத் தேடுங்கள்

நடனப் போட்டி வைக்கப்போகிறோம் என்று இளைஞர் மன்றத்திலிருந்தோ கோயில் சபையிலிருந்தோ யாராவது வந்தால், பேச்சு எப்போதும் மண்டபத்தில் தொடங்கி, பிரதம விருந்தினருக்குப் போய், கேடயம் எத்தனை என்பதில் முடியும். நடுவர் யார் என்று கேட்டால், "அதைக் கடைசி வாரம் பார்த்துக்கலாம் டீச்சர்" என்பார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கிறவள். போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், நடுவராக உட்கார்ந்திருக்கிறேன், ஏற்பாட்டுக் குழுவிலும் வேலை செய்திருக்கிறேன். பாடசாலைகளுக்கு இடையிலான தமிழ் மொழித்தினப் போட்டிக்குக் கல்வி அமைச்சின் விதிகள் உண்டு. கோட்டம், வலயம், மாகாணம் என்று அது தன் வழியில் போகும். நான் சொல்வது அதற்கு வெளியே, ஊர்க்காரர்களே கூடி நடத்தும் சனி ஞாயிறு போட்டிகளைப் பற்றி.

திகதி

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் என்றால் மே முதல் செப்டம்பர் வரை வேண்டாம். தென்மேற்குப் பருவமழையில் பாதை எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது. டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம். வார இறுதியில் ஹட்டனில் அறையும் கிடைக்காது, பஸ்ஸில் இடமும் கிடைக்காது. மாசியில் காமன் கூத்து (மன்மதன் கதையை ஆடும் கூத்து) நடக்கும் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தப்பு என்ற பறையை அடிப்பவர்களைக் கூப்பிட முடியாது, கூப்பிடவும் கூடாது. இவற்றையெல்லாம் எடைபோட்டுப் பார்த்தால், யாத்திரைப் பருவத்துக்குள் வந்தாலும், எனக்குப் பிடித்தது ஜனவரியின் பின்பாதி. நடுவர்களுக்கு ஹட்டன் டவுனில் தேடாமல் கொட்டகலையிலோ டிக்கோயாவிலோ முன்கூட்டியே அறை பிடித்துவிட்டால் சமாளிக்கலாம். பதுளை, பண்டாரவளை பக்கம் கணக்கு வேறு. அங்கே வருடக் கடைசியில்தான் பெருமழை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காய்ந்திருக்கும், காற்று மட்டும் பலமாக இருக்கும்.

எந்த மாதமாக இருந்தாலும் அழைப்புக் கடிதத்திலேயே மாற்றுத் திகதி ஒன்றைப் போட்டுவிடுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்தால் யோசிக்காமல் தள்ளிவையுங்கள். வான் நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த வளைவுகளில் வரச்சொல்ல எந்தப் போட்டிக்கும் உரிமை இல்லை.

மூன்று நடுவர்கள், மூன்று விதமான கண்கள்

திகதி முடிவானதும், மண்டபத்துக்கு முற்பணம் கட்டும் முன்பே, நடுவர்களைப் பேசிவிடுங்கள். பரதம் படித்த மூன்று பேரை உட்காரவைப்பதுதான் வழக்கம். அது போதாது.

ஒருவர் பரதம் முறையாகக் கற்றவராக இருக்கட்டும். வட இலங்கைச் சங்கீத சபையின் ஆசிரியர் தரம் முடித்தவர்கள், யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பு விபுலாநந்த நிறுவகத்திலோ பட்டம் பெற்றவர்கள் இப்போது மலையகத்துப் பாடசாலைகளில் இருக்கிறார்கள். இரண்டாமவர் மிருதங்கம் வாசிப்பவராக இருந்தால் மிகவும் நல்லது. ஆடுகிறவரின் முகத்திலும் உடையிலும் நம் கண் போய்விடும். மிருதங்கக்காரரின் காது காலடியிலேயே இருக்கும். மூன்றாமவர் தோட்டத்துக் கூத்து வாத்தியார். காமன் கூத்தோ பொன்னர் சங்கரோ அர்ச்சுனன் தபசோ ஆடிப் பழக்கிய ஒரு பெரியவர்.

இந்த மூன்றாமவரைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு போட்டியில் காமன் கூத்தின் ரதி மதன் ஆட்டம் ஆடிய குழுவின் புள்ளித் தாளில் "அரைமண்டி இல்லை" என்று எழுதியிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அரைமண்டி என்பது பரதத்தில் முழங்காலை வெளிப்பக்கம் மடித்துப் பாதி உட்கார்ந்து ஆடும் நிலை. அந்த ஆட்டத்துக்கு அது கிடையவே கிடையாது. தப்பின் அடிக்கு ஏற்பக் கால் மாற்றி, நிமிர்ந்து, சுற்றி வரும் ஆட்டம் அது. தாத்தாவிடம் கற்ற ஆட்டத்தை ஒரு பிள்ளை மேடைக்குக் கொண்டுவந்தால், அதை அறிந்த ஒருவராவது எதிரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருடம் அந்தப் பிள்ளை சினிமாப் பாட்டுக்குப் போய்விடும், ஆட்டம் தோட்டத்திலேயே நின்றுவிடும்.

வாத்தியாரைப் போனில் அழைக்காதீர்கள். அவர் இருக்கும் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) நேரில் போய், வெற்றிலை வைத்துக் கேளுங்கள். வேகமாக எழுதுவது அவருக்குச் சிரமமாக இருந்தால், போட்டியில் சேராத உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதச் செய்யுங்கள். மற்ற இருவருக்கும் போட்ட அதே நாற்காலி, அதே மேசை, அதே தொகை அவருக்கும். தொகையை உறையில் போட்டு அவர்கள் வந்த உடனே கொடுத்துவிட வேண்டும். முடிவுக்குப் பிறகு கொடுத்தால் முடிவையும் பணத்தையும் முடிச்சுப்போட்டுப் பேச ஆள் இருக்கும்.

கண்டி நடனத்துக்கும் ஒரு பிரிவு வைத்தால் அதைக் கற்றவர் ஒருவரைத் தனியாக அழையுங்கள். பரத ஆசிரியையை அதற்கும் இருக்கச்சொல்வது அவருக்கும் நியாயமில்லை, பிள்ளைகளுக்கும் நியாயமில்லை.

யாருடைய மாணவர் போட்டியில் இருக்கிறாரோ அவர் நடுவராக இருக்கக் கூடாது. நம் ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அதனால் ஹட்டன் போட்டிக்குப் பதுளையிலிருந்தும் மாத்தளையிலிருந்தும், பதுளைப் போட்டிக்கு ஹட்டனிலிருந்தும் அழைப்பதே வழி. வெளியூரிலிருந்து வருபவரை வெள்ளிக்கிழமை மாலையே வரச்சொல்லுங்கள். ரயிலை மட்டும் நம்ப வேண்டாம்.

புள்ளி போடுவது

பரதப் பிரிவுக்கு நான் சொல்லும் பிரிப்பு: தாளம் 25, அடவுச் சுத்தம் (அடிப்படை ஆட்ட அசைவுகளின் சுத்தம்) 25, முகபாவமும் கை முத்திரையும் 25, மேடையில் அமைப்பு 20, உடை ஒப்பனை 5. உடைக்கு 5க்கு மேல் போகவே கூடாது. கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வாடகைக்குப் பட்டு எடுக்க முடிந்த பிள்ளையும், அம்மாவின் சேலையை மடித்துத் தைத்துக் கட்டிய பிள்ளையும் ஒரே மேடையில் நிற்கிறார்கள். கூத்துக்கும் கும்மி, கோலாட்டத்துக்கும் வேறு தாள் வேண்டும். அதில் அரைமண்டி, முத்திரை என்ற சொற்களே இருக்கக் கூடாது. அந்தத் தாளின் தலைப்புகளை வாத்தியாரிடம் கேட்டு எழுதுங்கள்.

சரி, மூன்று பேரின் புள்ளிகளை எப்படிச் சேர்ப்பது? அப்படியே கூட்டினால் ஒரு ஆபத்து இருக்கிறது. மூன்று குழுக்கள் ஆடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் நடுவர் 78, 76, 75 போடுகிறார். இரண்டாமவர் 80, 78, 77. மூன்றாமவர் தாராளமாக ஏற்றி இறக்குபவர். 60, 72, 88 போடுகிறார். கூட்டினால் 218, 226, 240. மூன்றாவது குழுவுக்கு முதலிடம்! இரண்டு நடுவர்கள் கடைசியில் வைத்த குழு அது. அகலமாகப் புள்ளி போடும் ஒருவர் மற்ற இருவரின் தீர்ப்பையும் விழுங்கிவிடுகிறார்.

ஆகவே ஒவ்வொரு நடுவரின் புள்ளியையும் முதலில் 1, 2, 3 என்று இடமாக மாற்றுங்கள். பிறகு இடங்களைக் கூட்டுங்கள். மேலே சொன்னதில் முதல் குழுவுக்கு 1, 1, 3 சேர்ந்து 5, இரண்டாவதுக்கு 6, மூன்றாவதுக்கு 7. குறைந்த கூட்டுத்தொகைக்கு முதலிடம், அதாவது முதல் குழுவுக்கு. சமமாக வந்தால் தாளப் புள்ளி அதிகமுள்ளவருக்கு என்று முன்னரே எழுதி வையுங்கள். கணக்கை இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு ஒப்பிட வேண்டும். கணித ஆசிரியர் ஒருவரும் வங்கியில் வேலை செய்யும் ஒருவரும் இருந்தால் நிம்மதி.

இன்னொன்று, முதலில் ஆடும் பிள்ளைக்கு எப்போதும் நட்டம். பின்னால் இன்னும் நன்றாக ஆடுவார்கள் என்று நடுவர் கையை இறுக்கிக்கொள்வார். அதனால் ஒவ்வொரு பிரிவுக்கும் முன்பு போட்டியில் இல்லாத ஒரு ஆட்டத்தை வையுங்கள். நடுவர்கள் அதற்குப் புள்ளி போட்டுவிட்டு, திரைக்குப் பின்னால் ஐந்து நிமிடம் தாள்களை ஒப்பிட்டுப் பேசட்டும். அதன் பிறகு அந்தப் பிரிவு முடியும்வரை ஒருவருக்கொருவர் பேசக் கூடாது.

அறிவிப்பாளர் இலக்கம் மட்டும் சொல்ல வேண்டும். தோட்டப் பெயர், பாடசாலை, டீச்சர் பெயர் எதுவும் வேண்டாம்.

ஒரு வரி எழுதுங்கள் என்று கேளுங்கள்

புள்ளித் தாளின் அடியில் மூன்று கோடு போட்டு இடம் விடுங்கள்: எது நன்றாக இருந்தது, எதைத் திருத்த வேண்டும், அதற்கு எப்படிப் பழக வேண்டும். "முயற்சி தேவை" என்று எழுதினால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? "இரண்டாம் சரணத்தில் வலது கால் தாளத்துக்குப் பின்னால் விழுகிறது, முதற்காலத்தில் (மெதுவான வேகத்தில்) தட்டிப் பழகு" என்று எழுதினால் திங்கட்கிழமையே பழக ஆரம்பிக்கலாம். எங்கள் பிள்ளைகளில் பலருக்குத் தோட்டத்தில் நிரந்தர ஆசிரியர் இல்லை. மாதத்துக்கு இரண்டு வகுப்பு, மிச்சத்துக்குப் போனில் பார்த்துப் பழகுவது. அவர்களுக்குப் படித்த ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லும் அந்த ஒரு வரி, கேடயத்தை விடப் பெரியது. நிறம், உடம்பு, உயரம் பற்றி ஒரு சொல்லும் எழுதக் கூடாது என்று நடுவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைச் சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

நேரமும் ஒழுங்கும்

நான்கு நிமிட ஆட்டம் என்றால் எழுதவும் மேடை மாறவும் சேர்த்து ஏழு நிமிடம். மணிக்கு எட்டு ஆட்டம் என்று கணக்குப் போடுங்கள், பத்து என்று போடாதீர்கள். நாற்பது ஆட்டத்துக்கு ஐந்து மணி நேரம். நடுவர்களுக்கு ஒன்றரை மணிக்கொரு தடவை தேத்தண்ணி, பதினைந்து நிமிட ஓய்வு. களைத்த நடுவர் பிற்பகலில் ஆடுகிறவருக்கு அநியாயம் செய்துவிடுவார், தெரியாமலே.

யார் முதலில் என்பதற்குச் சீட்டுக் குலுக்குங்கள், ஆனால் தூரம் பார்த்து இரண்டு தொகுதியாகப் பிரித்துவிட்டுக் குலுக்குங்கள். அப்கொட், பொகவந்தலாவை பக்கம் விடியுமுன் கிளம்பி வருபவர்கள் பத்து மணிக்குப் பிறகு ஆடி, கடைசி பஸ்ஸுக்கு முன் போய்விட வேண்டும். டவுன் பிள்ளைகள் எட்டரைக்கும் ஆடலாம், பின்னேரமும் ஆடலாம். ஞாயிறு காலை அறநெறி வகுப்பும் தேவாலயமும் இருப்பதால் அன்று பதினொன்றுக்குத் தொடங்குவது நல்லது.

காமன் கூத்தையும் மற்ற வட்ட ஆட்டங்களையும் மேடையில் ஏற்ற வேண்டாம். மைதானத்திலோ மண்டபத் தரையிலோ ஆடட்டும், நடுவர்கள் மூன்று பக்கம் பிரிந்து உட்காரட்டும். சுற்றிவரும் ஆட்டத்தை ஒரு பக்கமிருந்து பார்த்தால் பாதி நேரம் முதுகுதான் தெரியும். அப்புறம், தப்பு காய்ச்ச வெளியே ஒரு இடமும் விறகும் வேண்டும். பனியிலும் ஈரத்திலும் தோல் தொய்ந்து சத்தம் அடங்கிவிடும். நெருப்பு மூட்ட விடமாட்டோம் என்று மண்டபக்காரர் சொன்னால், முற்பணம் கட்டும் முன்பே வேறு மண்டபம் பாருங்கள்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காலையில் சீமெந்துத் தரை வெறுங்காலுக்குப் பனிக்கட்டி. ஆடுமுன் உடம்பைச் சூடாக்க விரிப்புப் போட்ட ஒரு அறை கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் சதைப்பிடிப்புத்தான். பாட்டுகளை முதல் நாளே வாங்கி சவுண்ட்காரரிடம் ஒரே பென் டிரைவில் இலக்க வரிசையில் கொடுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். கரண்ட் போனால் நின்ற இடத்திலிருந்து அல்ல, ஆரம்பத்திலிருந்தே மறுபடி ஆட விட வேண்டும் என்று விதியில் எழுதுங்கள்.

உடை மாற்றும் அறைக்குப் பெண் பொறுப்பாளர் இருவர்; போன் உள்ளே போகக் கூடாது. அம்புலன்ஸ் 1990, சிறுவர் பாதுகாப்பு 1929, இரண்டு இலக்கங்களையும் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டுங்கள். சினிமாப் பாட்டுப் பிரிவு வைப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை, ஆனால் பாட்டின் வரிகளை விண்ணப்பத்தோடு வாங்கிப் படித்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஆடக் கூடாத பாட்டு என்றால் வேறு பாட்டுத் தேட அவர்களுக்கு இரண்டு வாரம் கொடுங்கள்.

முடிவு

பிரிவு முடிந்த அரை மணி நேரத்தில் மூன்று நடுவர்களின் இடங்களும் கூட்டுத்தொகையும் உள்ள தாளைச் சுவரில் ஒட்டுங்கள். முறைப்பாடு இருந்தால் எழுத்தில், ஆசிரியர் மட்டும், அரை மணிக்குள், ஏற்பாட்டுக் குழுவிடம். நடுவரிடம் நேரே போய் யாரும் கேட்கக் கூடாது. பொன்னாடை, படம் எடுப்பது எல்லாம் முடிவு ஒட்டிய பிறகு.

எழுதிய குறிப்புகளைப் பிள்ளைகள் வானில் ஏறும் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள். பிறகு அனுப்புகிறோம் என்றால் போய்ச்சேராது. வந்திருக்கும் பொறுப்பாசிரியர் அல்லது பெற்றோர் ஒருவர் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். ஒரு பிரதியை நீங்கள் வைத்திருங்கள். அடுத்த வருடம் அதே பிள்ளை வந்தால் அந்தப் பிரதியை நடுவரிடம் கொடுக்காதீர்கள். ஆட்டம் முடிந்த பிறகு டீச்சரும் பிள்ளையும் உட்கார்ந்து பார்ப்பதற்குக் கொடுங்கள்.