நகராட்சி பட்ஜெட்டைப் பிரித்துப் படிப்பது எப்படி: மன்றத்தின் கையில் எது, கோட்டையின் கையில் எது

மன்னார்குடியோ மயிலாடுதுறையோ, தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் முதலில் திட்டு வாங்குபவர் வார்டு கவுன்சிலர்தான். அவரால் செய்ய முடிந்தது எவ்வளவு, சென்னையில் போடும் சட்டமும் அரசாணையும் கட்டிப்போட்டிருப்பது எவ்வளவு என்று பட்ஜெட் புத்தகத்தை வைத்தே பிரித்துவிடலாம். அதற்கு ஒரு மாலைப்பொழுதும் நீலம், சிவப்பு என்று இரண்டு பேனாவும் போதும். மன்றம் முடிவு செய்யும் வரவுக்கு நீலக்கோடு, அரசு முடிவு செய்வதற்குச் சிவப்புக்கோடு.

நகராட்சிக்கும் மாநகராட்சிக்கும் முன்பு தனித்தனிச் சட்டங்கள் இருந்தன. 2023 ஏப்ரல் 13 முதல் எல்லாமே 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்துக்கும் அதன் 2023 விதிகளுக்கும் கீழ் வந்துவிட்டன. அதனால் இந்த முறை கும்பகோணம், தஞ்சாவூர் மாநகராட்சிகளுக்கும் பொருந்தும்.

சொத்து வரியில் தொடங்குங்கள். தீர்மானம் போடுவது மன்றம், விகிதத்தை வரையறுப்பது அரசு. 2022 உயர்வை எடுத்துக்கொள்ளுங்கள். நகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று அரசே வகுத்துக் கொடுத்தது. அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டிவந்த 1,000 சதுர அடி வீடு 1,500 கட்ட வேண்டியதாயிற்று. சொத்து வரியை உயர்த்திக்கொண்டே போகாவிட்டால் நகரங்களுக்கு மானியம் இல்லை என்று 15ஆவது மத்திய நிதிக்குழு நிபந்தனை வைத்தது இதற்கு ஒரு காரணம். ஆண்டுதோறும் 6 சதவீதம் ஏறுவதும் அதன் தொடர்ச்சிதான். இந்த வரிக்குச் சிவப்புக்கோடு போடுங்கள். கூடவே வரும் நூலக வரி ரூபாய்க்கு 10 காசு. அதை நகராட்சி வசூலித்தாலும் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுத்துவிட வேண்டும், ஊர்ப்பணமாக எண்ணக்கூடாது.

தொழில் வரியின் உச்சவரம்பு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1988இல் வைத்த ஆண்டுக்கு 2,500 ரூபாய்தான் இன்றும் வரம்பு. அரையாண்டுக்கு 1,250 ரூபாய்க்கு மேல் யாரிடமும் வாங்க முடியாது. விகிதத்தை ஏற்ற வழியில்லாததால் மன்றம் கவனிக்க வேண்டியது, வரி வளையத்துக்குள் வராத கடைகளையும் தனியார் பள்ளிகளையும்தான். இதற்குப் பாதி நீலம்.

கோயில் ஊர்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வழிபாட்டுக் கட்டடத்துக்குச் சொத்து வரி கிடையாது. அதே கோயில் மனையில் கட்டிய கடைக்கு அந்த விலக்கு இல்லை. இரண்டையும் குழப்பிக் கடைகளையும் விட்டுவைத்திருந்தால் அதைக் கோட்டைமேல் போட முடியாது. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் உருக்காலை, தோல் பதனிடுதல், எண்ணெய்-எரிவாயு எடுத்தல் போன்ற புதிய தொழில்களை டெல்டாவுக்குள் தடுக்கிறது. நிலத்தைக் காக்கும் நல்ல சட்டம். ஆனால் பெரிய ஆலை வந்து வரிக்கணக்கு வீங்கும் என்ற எதிர்பார்ப்பில் பட்ஜெட் போடக்கூடாது. இங்கே வரி தருவது வீடு, கடை, கல்யாண மண்டபம், லாட்ஜ்.

அடுத்து மாநில நிதிக்குழு மானியம். இதை நிதானமாகப் பாருங்கள், பலரும் ஏமாறும் இடம் இதுதான். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஊரகத்துக்கும் நகரத்துக்குமாகச் சேர்த்து 10 சதவீதத்தை அரசு பகிர்கிறது. புத்தகத்தில் உள்ள தொகை அப்படியே கைக்கு வராது. கணக்குக்காக, ஒரு தவணை 40 லட்சம் என்று வையுங்கள். கொள்ளிடம் கூட்டுக் குடிநீருக்காகக் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு 14, மின்கட்டணத்துக்கு 9, கடன் தவணைக்கு 5 லட்சம் என்று மேலேயே பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது 12 லட்சம். தெருவிளக்கு மின்கட்டணத்தை நிர்ணயிப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அது ஏறினால் மன்றத்தில் யாரும் கை தூக்காமலேயே சாக்கடை தூர்வாரும் காசு குறையும்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. நகராட்சிக் கணக்கு மூன்று பெட்டி: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி. பிடித்த 14 லட்சம் குடிநீர் நிதி கட்ட வேண்டிய பில். மானியமோ வருவாய் நிதியுடையது. குடிநீர் நிதி அதைத் திருப்பித் தராவிட்டால், ஆண்டுக்காண்டு ‘நிதிகளுக்கிடையே வரவேண்டியது’ என்று ஏட்டில் மட்டும் வளரும். குழாய்க் கட்டணம் மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையாக இருக்க, தண்ணீர் விலை ஏறிக்கொண்டே போனால் இப்படித்தான் ஆகும். புதிய இணைப்புக்கு வாங்கும் டெபாசிட்டும் வரவு போலத் தெரியும், உண்மையில் அது திருப்பித் தர வேண்டிய பணம்.

மத்திய நிதிக்குழு மானியம் கையில் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் செலவழிக்க முடியாது. 2021-26 காலத்தில் நம்மைப் போன்ற ஊர்களுக்கு வந்ததில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைக்கப்பட்ட பணம். அதை எடுத்துப் பூங்காவுக்குச் சுவர் வைத்தால் தணிக்கையில் ஆட்சேபணை வரும்.

மன்றத்தின் திறமையை அளக்க கேட்பு-வசூல்-நிலுவைப் பட்டியலைக் கேளுங்கள்; கட்டச் சொன்ன வரி எவ்வளவு, வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று காட்டும் பட்டியல் அது. மொத்தச் சதவீதத்தை நம்ப வேண்டாம். பழைய நிலுவை 60 லட்சம், நடப்புக் கேட்பு 140 லட்சம், வசூல் 130 லட்சம் என்றால் 65 சதவீதம் என்பார்கள். பிரித்துப் பார்த்தால் நடப்பில் 120 வந்திருக்கும், அது ஏறத்தாழ 86 சதவீதம். நிலுவையில் 10 மட்டுமே, 17 சதவீதம். அப்படியானால் பில் கலெக்டர் தெருவுக்குப் போகிறார், பெரிய பாக்கிதாரர் வாசலை மிதிப்பதில்லை என்று அர்த்தம். நீலப் பேனாவை இங்கே அழுத்தியே போடலாம்.

புகார் எழுதும் முன் இடம் யாருடையது என்று பாருங்கள். ஊருக்குள் ஓடும் பாசன வாய்க்கால் பெரும்பாலும் நீர்வளத் துறையுடையது, பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. ஐப்பசி மழைக்கு முன் தூர்வாரச் சொல்லி நகராட்சிக்கு மனு கொடுத்தால், அது துறை மாறிப் போய்ச் சேர்வதற்குள் கார்த்திகை வந்துவிடும். பக்கத்து ஊராட்சியை நகரோடு இணைக்கும் பேச்சு எழுந்தால், அங்குள்ளவர்களுக்கு ‘100 நாள் வேலை’ என்று பேர்பெற்ற ஊரக வேலைத் திட்டம் போய்விடும், வரி நகர விகிதத்துக்கு மாறும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆவணம் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். “ஏன் செய்யவில்லை” என்று கேட்டால் பதில் வராது. பட்ஜெட் நகல், பிடித்தங்களுடன் கூடிய மானிய ஆணைகளின் நகல், கேட்பு-வசூல்-நிலுவைப் பட்டியலின் நகல், கடைசி உள்ளாட்சி நிதித் தணிக்கை அறிக்கையின் நகல் என்று நான்கையும் நிதியாண்டைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். 30 நாளில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. கைக்கு வந்ததும், நீலக்கோடு விழுந்த இனங்களை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு, வார்டு மக்கள் கூடும் பகுதி சபாவுக்குப் போங்கள். சிவப்புக்கோட்டுப் பக்கத்தை எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கொடுங்கள்.