கிட்டகாட்டாவில் காலை ராமென்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானில் ராமெனுக்கு, அதாவது சூடான சூப்பில் போட்ட நூடுல்ஸுக்குப் பேர்போன மூன்று ஊர்களைச் சொல்லச் சொன்னால் சப்போரோ, ஹகாட்டா, கிட்டகாட்டா என்று சொல்வார்கள். சப்போரோ பெரிய நகரம், ஹகாட்டா ஃபுகுவோக்கா என்ற பெரிய நகரத்தின் ஒரு பகுதி, இரண்டும் எல்லாரும் போகிற இடங்கள். மூன்றாவது ஃபுகுஷிமா மாநிலத்தின் ஐசு பகுதியில், மலைகளுக்கு நடுவே, ஐம்பதாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். ஒரு காலத்தில் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட ராமென் கடைகள் இருந்தன. நமக்கு இட்லி எப்படியோ அப்படி, அந்த ஊர்க்காரர்கள் காலையிலேயே ராமென் சாப்பிடுகிறார்கள். அதற்கு அசாரா என்று பெயர், 'காலை ராமென்' என்பதன் சுருக்கம். அந்த ஊரின் சின்னக் கடை ஒன்றில் ஒரு கிண்ணத்தைப் பதற்றமில்லாமல் சாப்பிட்டு வருவது எப்படி என்பதை, ஒன்றுமே தெரியாதவர்களை நினைத்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் பன்றி இறைச்சியைத் தவிர்க்கிறவர்களுக்கும் இந்தக் கடைகளில் வழியில்லை. மேலே வைக்கும் கறியை எடுத்துவிட்டால் போதாது, சூப்பே பன்றி எலும்பில்தான் கொதிக்கிறது.

படி 1: முந்தின நாளே போய்ச் சேருங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நான் முதல்முறை டோக்கியோவிலிருந்து நிதானமாகக் கிளம்பி, வழியில் வேடிக்கை பார்த்து, மதியம் மூன்று மணிக்குப் போய் நின்றேன். போக நினைத்திருந்த கடை வாசலில் துணித்திரையை உள்ளே எடுத்துவிட்டார்கள், அன்றைய சூப் தீர்ந்துவிட்டது. இங்கே பழைய கடைகள் பலவும் காலை 7 மணி வாக்கில் திறந்து, சூப் இருக்கும்வரை நடத்தி, பிற்பகலில் மூடிவிடுகின்றன. அதனால் இரவு கிட்டகாட்டாவிலோ பக்கத்து ஊரான ஐசு வகமட்சுவிலோ தங்குவதுதான் சரி.

டோக்கியோவிலிருந்து தோஹோகு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஏறினால் ஏறக்குறைய 80 நிமிடத்தில் கோரியாமா. அங்கே பான்எட்சு மேற்குத் தடத்துக்கு மாறி ஐசு வகமட்சு, பிறகு அதே தடத்தில் இன்னொரு சின்ன ரயிலில் கிட்டகாட்டா. வானம் தெளிவாக இருந்தால் வலப்பக்கம் உட்காருங்கள், இனவாஷிரோ ஊரை நெருங்கும்போது பந்தாய் மலை ஜன்னல் முழுக்க நிற்கும். கடைசித் துண்டில் ரயில்கள் குறைவு, நேரத்தை முதலிலேயே பார்த்து வையுங்கள். குளிர்காலத்தில் பனி கொட்டுகிற பகுதி இது, பனிக்கு ஏற்ற காலணி இல்லாமல் போக வேண்டாம்.

படி 2: கடையைத் தேர்ந்தெடுப்பது

ஒரே காலையில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்குகிறவர்கள் உண்டு. முதல்முறை போகிறவர்கள் அப்படிச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டாவது கிண்ணத்தில் நாக்கு மழுங்கிவிடும், முதல் கிண்ணத்தின் சூப்பும் மறந்துபோகும். ஒரு கடை, ஒரு கிண்ணம் போதும்.

பன்னாய் ஷொக்குதோ மிகப் பிரபலம். விடுமுறை நாட்களில் நீளமாக வரிசை நிற்கும். (ஷொக்குதோ என்றால் சாப்பாட்டுக்கடை, இங்கே ராமென் கடைகள் பலவற்றுக்கும் பெயர் இப்படித்தான் முடியும்.) வரலாறு பிடிக்கும் என்றால் கென்ராய்கென் என்ற கடையைத் தெரிந்துகொள்ளுங்கள். 1920களில் சீனாவிலிருந்து வந்த பான் கின்செய் என்ற இளைஞர், இங்கே சுரங்கத்தில் வேலை பார்த்த மாமாவைத் தேடி வந்தார். பிழைப்புக்குக் கையால் நூடுல்ஸ் செய்து தள்ளுவண்டியில் விற்க ஆரம்பித்தார். இந்த ஊர் ராமெனின் தொடக்கம் அதுதான், அவர் தொடங்கிய கடைதான் கென்ராய்கென்.

ஆனால் பெயர்பெற்ற கடைதான் வேண்டும் என்றில்லை. வயதான தம்பதி இருவர் மட்டும் நடத்தும் ஆறேழு இருக்கைக் கடைகள் இன்னும் இருக்கின்றன, அடுத்து நடத்த ஆளில்லாமல் ஒவ்வொன்றாக மூடியும் வருகின்றன. எனக்கு மனம் போவது அங்கேதான். வார விடுமுறை கடைக்குக் கடை மாறும். தங்குமிடத்தில் கேட்டால் நாளைக் காலை எது திறந்திருக்கும் என்று சொல்லிவிடுவார்கள்.

படி 3: வாசலில்

நோரென் என்கிற துணித்திரை வாசலில் தொங்கினால் கடை திறந்திருக்கிறது. உள்ளே எடுத்துவிட்டால் மூடிவிட்டார்கள், கதவு லேசாகத் திறந்திருந்தாலும் தலையை நீட்ட வேண்டாம். வரிசை இருந்தால் கடைசியில் போய் நில்லுங்கள், ஒருவர் முன்னால் நின்று நண்பர்களுக்கு இடம் பிடிப்பது நல்லதல்ல. சில கடைகளில் வாசலில் ஒரு தாளோ பலகையோ இருக்கும், அதில் பெயரையும் எத்தனை பேர் என்பதையும் எழுத வேண்டும்.

உள்ளே போனதும் எத்தனை பேர் என்று கேட்பார்கள். ஒருவர் என்றால் 'ஹிதோரி தேஸ்', இருவர் என்றால் 'ஃபுதாரி தேஸ்'. விரலைக் காட்டினாலும் போதும். திண்ணை போல உயர்த்திய பாய்த்தளத்தில் உட்காரச் சொன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள், நமக்கு இது பழகியதுதான்.

படி 4: என்ன கேட்பது

சில கடைகளில் நுழைந்த உடனே கல்லாவில் சொல்லிப் பணம் கட்ட வேண்டும், சிலவற்றில் சாப்பிட்ட பிறகு. முன்னால் நிற்பவரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பட்டியலில் முதலில் இருப்பது பெரும்பாலும் சாதாரண ராமென். அதை 'சூகா சோபா' என்று எழுதியிருக்கும் கடைகளும் உண்டு. சோபா என்றதும் பக்வீட் என்ற தானியத்தில் செய்யும் நூடுல்ஸ் என்று நினைக்க வேண்டாம், சூகா சோபா ராமெனுக்குப் பழைய பெயர். கறித்துண்டுகள் கிண்ணம் முழுக்க மூடியிருப்பது 'சாஷூ மென்' அல்லது 'நிகு சோபா'. 'ஓமோரி' என்றால் நூடுல்ஸ் அதிகம்.

முதல்முறைக்குச் சாதாரண ராமெனே கேளுங்கள். கறி அதிகமானால் அதன் கொழுப்பு சூப்பில் இறங்கி மற்ற ருசியை மூடிவிடும். 'ராமென் ஹிதோட்சு, ஒனெகாய்ஷிமாஸ்' என்றால் ஒரு ராமென் தாருங்கள் என்று பொருள். ஆளுக்கு ஒரு கிண்ணம் வாங்குவது இங்கே மரியாதை, ஒன்றை வாங்கி இருவர் பங்குபோட்டால் சின்னக் கடைக்கு அந்த இருக்கை வீணாகிறது. கையில் ரொக்கம் இருக்கட்டும். ஒரு கிண்ணம் ஆயிரம் யென் பக்கத்தில் வரும், கறி கூடினால் விலையும் கூடும். டிப்ஸ் கிடையாது, வைத்தாலும் திருப்பிக் கொடுக்க ஓடி வருவார்கள்.

படி 5: காத்திருக்கும்போது தெரிந்துகொள்ள வேண்டியது

இங்கே நூடுல்ஸ் வரக் கொஞ்ச நேரமாகும். ஹகாட்டாவின் மெல்லிய நூடுல்ஸ் ஒரு நிமிடத்துக்குள் வெந்துவிடும். கிட்டகாட்டாவினுடையது தட்டையானது, ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அகலம், மாவில் தண்ணீர் அதிகம் சேர்த்துப் பிசைந்து, ஊறவைத்து, கசக்கிச் சுருளாக்கியது. அதனால் வேக நேரம் எடுக்கும், வெந்தபின் வழுவழுப்பும் மெல்லும்போது ஒரு துள்ளலும் இருக்கும். அந்தத் துள்ளலுக்கும் லேசான மஞ்சள் நிறத்துக்கும் காரணம் மாவில் சேர்க்கும் கான்சுய் என்ற காரநீர். நாம் அப்பள மாவில் அப்பளக்காரம் போடுகிறோமே, அதே குடும்பத்துச் சரக்குதான்.

சூப்பில் பன்றி எலும்போடு இன்னொன்றும் இருக்கிறது, நிபோஷி. அவித்துக் காயவைத்த சின்ன மீன், பெரும்பாலும் நெத்திலி. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு முதல் மடக்கிலேயே அந்த வாசம் பிடிபடும், ஆனால் காரமோ புளியோ இல்லாமல் மென்மையாக, தூரத்திலிருந்து வருவதுபோல இருக்கும். எலும்புச் சாறும் மீன் சாறும் தனித்தனியாகக் காய்ச்சிக் கலக்கும் கடைகளும் உண்டு. கிண்ணத்தின் அடியில் சோயா சாஸ் கலவையை ஊற்றி, அதன்மேல் கொதிக்கும் சாற்றை விடுவார்கள். எந்த அளவில் எதைக் கலப்பது என்பதில்தான் கடைக்குக் கடை வித்தியாசம்.

அந்த சோயா சாஸும் இந்த ஊர்ச் சரக்குதான். ஈதே மலைத்தொடரின் பனி உருகி வரும் தண்ணீர் நன்றாக இருப்பதால் சாக்கே என்ற அரிசி மது, மிசோ என்ற புளிக்கவைத்த சோயா விழுது, சோயா சாஸ் எல்லாம் இங்கே பரம்பரைத் தொழில். அவற்றை வைக்கக் 'குரா' என்ற தடித்த சுவர்க் கிடங்குகள் கட்டினார்கள். 1880இல் ஊரில் பெரிய தீ விபத்து நடந்தபோது இவை தப்பி நின்றதைப் பார்த்தபின் இன்னும் நிறையப் பேர் கட்டினார்கள். 1970களில் இந்தக் கிடங்குகளின் படங்களையும் தொலைக்காட்சி நிகழ்ச்சியையும் பார்த்துவிட்டு வெளியூர்க்காரர்கள் வந்தார்கள், வந்தவர்களுக்கு மதியச் சாப்பாடாகக் கிடைத்தது ராமென். ஊர்ப் பெயர் வெளியே பரவியது அப்படித்தான். காலையில் சாப்பிடும் வழக்கம் அதற்கும் முந்தையது, இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த தொழிலாளர்களும் விடியற்காலை வயல்வேலை முடித்தவர்களும் சூடாக ஏதாவது கேட்டதால் வந்தது என்பார்கள்.

படி 6: சாப்பிடுவது

கிண்ணம் வந்ததும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றே ஒன்று, பக்கத்தில் இருப்பவர் முகம் விழாமல். நூடுல்ஸ் சூப்பில் கிடக்கக் கிடக்க ஊறிப் பெருத்துவிடும், சமைத்தவருக்கு அதைப் பார்ப்பதே வருத்தம்.

முதலில் கலக்க வேண்டாம். ரெங்கே என்ற குழிந்த கரண்டியால் சூப்பை மட்டும் இரண்டு மடக்கு குடியுங்கள். அப்புறம் குச்சிகளால் நாலைந்து இழை மட்டும் தூக்குங்கள், நிறைய அள்ளினால் வழுக்கி விழுந்து சட்டையெல்லாம் தெறிக்கும். சத்தத்தோடு உறிஞ்சுங்கள். சின்ன வயதில் நம்மை அதட்டி நிறுத்திய சத்தம்தான், இங்கே அது சரியானது. உறிஞ்சும்போது காற்று சேர்ந்து சூடு தணிகிறது, மீன் வாசம் மூக்குக்கு ஏறுகிறது. வரவில்லை என்றால் கரண்டியில் இழைகளை வைத்துச் சாப்பிடுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். குச்சிகளை நூடுல்ஸில் செங்குத்தாகக் குத்தி வைக்க மட்டும் வேண்டாம், இறந்தவர்களுக்குப் படைக்கும் சோற்றில் அப்படிச் செய்வார்கள்.

மிளகுத்தூள் மேசையிலேயே இருக்கும். நமக்குக் கை தானாக அதற்குப் போகும். பாதிக் கிண்ணம் வரை பொறுத்துவிட்டு, பிறகு கொஞ்சம் தூவிப் பாருங்கள், அதே சூப் வேறொன்றாக மாறுவது தெரியும். சூப் முழுவதையும் குடித்தாக வேண்டிய கட்டாயமில்லை. உப்பு அதிகம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் விட்டுவிடலாம், அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 7: எழுந்திருப்பது

முடித்ததும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க வேண்டாம், வெளியே நிற்பவர்களுக்குப் பசி. கிண்ணத்தை எதிரே உள்ள உயரப் பலகையில் வைத்தால் கடைக்காரர்களுக்கு எடுக்கச் சுலபம். கிளம்பும்போது 'கொச்சிசோசாமா தெஷ்தா' என்று சமையல் பக்கம் பார்த்துச் சொல்லுங்கள். விருந்துக்கு நன்றி என்பதுபோல ஒரு வார்த்தை. நான் தடுமாறிச் சொன்னபோதும் அடுப்படியிலிருந்த பாட்டி கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுத் தலை குனிந்தார்.

வீட்டுக்கு வாங்கிப் போக நினைத்தால், கடைகளில் பச்சை நூடுல்ஸும் சூப் கலவையும் சேர்த்துப் பொட்டலமாக விற்கிறார்கள். குளிரில் வைக்க வேண்டிய சரக்கு, ஊரை விட்டுக் கிளம்பும் முன் கடைசியாக வாங்குங்கள். நீங்கள் வெளியே வரும்போது மணி எட்டுதான் ஆகியிருக்கும். கிடங்குத் தெருவில் சாக்கே ஆலைகளும் மிசோ கடைகளும் திறக்க இன்னும் நேரமிருக்கும், அதுவரை அந்த வெள்ளைச் சுவர்களை ஒட்டி நடந்துகொண்டிருங்கள்.